காரைக்குடியில் பழைய ஓவியங்களையும் சாமி படங்களையும் பார்ப்பது எப்படி?

வெளியூர் நண்பர்கள் வந்தால் "இங்கே ஓவியம் பார்க்க கேலரி எங்கே?" என்று கேட்பார்கள். முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வழி சொல்வேன். இரண்டு பக்கமும் பழம்பொருள் கடைகள். ஆனால் நேராக அங்கே போகாதீர்கள், முதலில் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பாருங்கள். தெருவில் குவிந்து கிடப்பதெல்லாம் ஏதோ ஒரு வீட்டில், தனக்கென்று ஓர் இடத்தில் இருந்தவை. அந்த இடத்தைப் பார்க்காதவருக்குப் பொருள் பாதிதான் தெரியும்.

என் அப்பா படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை வைத்திருந்தார். சுற்றுப்பட்டு ஊர்களில் ஆச்சிமார் கூப்பிட்டால் போய், சுவரிலிருந்து இறக்கி, பூச்சி தட்டி, மறுபடி மாட்டிவிட்டு வருவோம். பத்து வயதில் ஏணி பிடிக்க ஆரம்பித்தவன் நான். இங்கே சொல்வதெல்லாம் அந்த ஏணியடியில் கற்றது.

வீடு பார்க்க, காரைக்குடிக்குப் பக்கத்து ஊரான ஆத்தங்குடியின் பெரிய வீடு போதும். கட்டணம் கட்டினால் உள்ளே விடுவார்கள். வெளிச்சம் சாய்வாக விழும் காலை நேரமாகப் போங்கள். நிலைக்கதவின் மேல் கஜலட்சுமியைத் தேடுங்கள். முகப்பைத் தாண்டி உள்ளே போனால் தலைக்கு மேலே விதானத்தைப் பார்க்க மறக்காதீர்கள், பலர் தரையையே பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அனுமதித்தால் தரையில் உட்காருங்கள். செட்டிநாட்டு வீடுகளில் படங்களை உயரத்தில், முன்பக்கம் சாய்த்து மாட்டுவார்கள். கீழே சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்து சாமி குனிய வேண்டும் என்பார் அப்பா. நின்றுகொண்டு பார்த்தால் அந்தச் சாய்வின் அர்த்தம் புரியாது. அதே ஊரில் பூக்கல் என்ற தரை ஓடு செய்யும் பட்டறைக்கும் ஒரு எட்டுப் போய் வாருங்கள். கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, பின்னால் சிமெண்டும் மணலும் நிரப்புவார்கள். கண்ணாடியை உரித்ததும் அதன் வழவழப்பு கல்லில் தங்கிவிடும்.

இப்போது தெருவுக்கு வரலாம். ஒரு லென்ஸ், செல்போன் விளக்கு, உலர்ந்த பருத்தித் துணி. இவை போதும்.

அதிகம் கண்ணில் படுவது ஓவியர் ரவிவர்மாவின் அச்சுப் படங்கள். அவர் 1894இல் மும்பையில் அச்சகம் தொடங்கிய பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் வீடு வீடாக வந்தார்கள். சில ஆச்சிமார் அந்தக் காகித லட்சுமிக்குச் சரிகையும் ஜிகினாவும் தைத்துச் சேலையே கட்டிவிட்டார்கள். என் மனதுக்கு அவைதான் இந்த மண்ணின் படங்கள், ஒன்று கிடைத்தால் நிதானமாகப் பாருங்கள். பழையதா, புது நகலா என்று அறிய லென்ஸைப் படத்திலுள்ள சாமியின் கன்னத்தின் மேல் வையுங்கள். கல்லில் வரைந்து அச்சிட்ட பழைய படத்தில் புள்ளிகள் மணல் தூவியதுபோல் ஒழுங்கில்லாமல் இருக்கும். இன்றைய ஆப்செட் இயந்திர அச்சில் ஒரே அளவு இடைவெளியில் சின்னச் சின்னப் பூக்கள்போல் வரிசைகட்டும். பிறகு கீழ் ஓரம்: படத்தின் பெயரும் அச்சகத்தின் பெயரும் பொடி எழுத்தில் இருக்கலாம். மரச்சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று அந்த ஓரத்தை வெட்டிய கைகளில் எங்கள் கடைக் கைகளும் உண்டு. நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

அடுத்து கண்ணாடி ஓவியம். கண்ணாடியின் பின்பக்கத்தில், கண்ணையும் நகையையும் முதலில் வரைந்து, பின்னணியைக் கடைசியில் பூசுவார்கள். அதனால் பின்பக்கத்தைத் தொடவே கூடாது. பதினாறு வயதில் ஈரத்துணியால் பின்னால் துடைத்தேன், வெண்ணெய் வைத்திருந்த கண்ணனின் கை துணியோடு வந்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. முன்பக்கம் மட்டும், உலர்ந்த துணியால் மட்டும்.

தஞ்சாவூர் ஓவியமென்றால் திருப்பிப் பார்க்கக் கேளுங்கள். "அண்ணே, இதக் கொஞ்சம் திருப்பிப் பாக்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. ஒட்டுப்பலகை தெரிந்தால் அது நூறு வருடத்துப் படம் என்ற பேச்சை நம்ப வேண்டாம். அதே கடைகளில் எனாமல் பாத்திரங்கள் இருந்தால் கவிழ்த்துப் பாருங்கள், சிலவற்றில் ஸ்வீடன் முத்திரை இருக்கும்.

வாங்குவதாக இருந்தால் ஒரு சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. பழைய சிலையையும் ஓவியத்தையும் பதிவு செய்ய வேண்டும். சாமி சிலையை யாராவது ரகசியமாகக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். அது எந்தக் கோயிலிலிருந்து வந்ததோ. மற்றவற்றுக்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.

கடைக்காரர் படத்துக்குப் புது மரச்சட்டம் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய தேக்குச் சட்டம் அந்தப் படத்தின் கூடப் பிறந்தது. கண்ணாடி உடைந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள், அப்போதும் காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் மழைக்காலத்து ஈரத்தில் லட்சுமியின் முகம் கண்ணாடியோடு போய்விடும். வெயில் படாத சுவரில், கொஞ்சம் முன்னால் சாய்த்து மாட்டுங்கள்.