நகர மையத்தில் வீடு பார்க்கிறீர்களா?

வாடகை பேசும் முன், ஒரு வேலை நாளில் காலை 8.30 மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நடந்து பாருங்கள். 400 மீட்டர் என்றால் 5 நிமிட நடைதான். ஆனால் நடுவில் சிக்னல் இல்லாத அகலச் சாலை ஒன்று இருந்தால், கடக்கக் காத்திருந்தே அது 10 நிமிடமாகிவிடும். வரைபடத்தில் இது தெரியாது.

தூரத்தைவிட முக்கியம், எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்பது. 10 நிமிடத்துக்கு ஒன்று வந்தால் சராசரியாக 5 நிமிடம் நின்றால் போதும், நேர அட்டவணையே வேண்டாம். அரை மணிக்கு ஒன்று என்றால், ஒன்றைத் தவறவிட்டாலே அன்றைய காலை போச்சு.

அப்புறம், இரவு கடைசி வண்டி எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை ஓடுமா என்பதையும் விசாரியுங்கள். மெட்ரோ வேலை நடக்கும் பகுதியானால் நிறுத்தம் வேறு தெருவுக்கு மாறியிருக்கலாம். பழைய பலகையை நம்பாமல் அங்கே நிற்பவர்களைக் கேளுங்கள்.