கோட்இக்னைட்டர் 4: ஹெல்பர்களை எங்கே வைப்பது, எப்போது ஏற்றுவது

பிஎச்பியின் நம்பர்_ஃபார்மட் 1,234,567 என்று தரும் தொகையை நம் வழக்கப்படி 12,34,567 என்று அச்சிடும் நிரலை, பில், மாத அறிக்கை, மின்னஞ்சல் என மூன்று இடங்களில் தனித்தனியாக எழுதி வைத்திருந்தேன். பைசாவை முழு ரூபாயாக்கும் விதியை ஓரிடத்தில் திருத்த மறந்ததால், பில்லில் ஒரு தொகையும் மின்னஞ்சலில் வேறொரு தொகையும் வந்தன.

வலைத்தளங்களை எழுத உதவும் பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான கோட்இக்னைட்டரில், பல இடங்களில் பயன்படும் இத்தகைய ஃபங்ஷன்களை ஹெல்பர் என்ற கோப்பில் எழுதி, ஆப் கோப்புறையில் உள்ள ஹெல்பர்ஸ் என்ற உட்கோப்புறையில் வைக்க வேண்டும். கோப்பின் பெயர் அடிக்கோட்டுடன் ஹெல்பர் என்று முடிய வேண்டும். ஏற்றும்போது அந்தப் பின்னொட்டு தேவையில்லை. தேதி, தொகை என்று பொருள்வாரியாகப் பிரித்து வையுங்கள். 'பொது' என்று ஒரே கோப்பைத் தொடங்கினால், எல்லாம் அதிலேயே வந்து குவியும்.

எப்போது ஏற்றுவது என்பதில்தான் கவனம் தேவை. கிளாஸ் ஒன்றைப் பயன்படுத்தும் கணத்தில் அதன் கோப்பைத் தானே தேடி ஏற்றும் வசதி பிஎச்பியில் உண்டு. தனி ஃபங்ஷன்களுக்கு அது இல்லை. ஆகவே ஆட்டோலோட் (தானாக ஏற்றுவதற்கான அமைப்புகள்) கோப்பின் ஹெல்பர்ஸ் பட்டியலில் (4.3 பதிப்பிலிருந்து உள்ளது) சேர்ப்பவை, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு கோரிக்கையிலும் ஏற்றப்படும். ஏறத்தாழ எல்லாப் பக்கங்களுக்கும் வேண்டியவற்றை மட்டும் அங்கே எழுதுங்கள். ஒரு கன்ட்ரோலருக்கு (கோரிக்கையைக் கையாளும் கிளாஸ்) மட்டும் வேண்டியதை அந்தக் கன்ட்ரோலரின் ஹெல்பர்ஸ் பண்பிலும், ஒரே மெத்தடுக்கு வேண்டியதை அந்த மெத்தடுக்குள் ஹெல்பர் ஃபங்ஷனை அழைத்தும் ஏற்றலாம். ஏற்றியபின் வியூவிலும் (பக்கத்தைக் காட்டும் கோப்பு) அது கிடைக்கும் என்பதால், வியூவுக்குள் மீண்டும் ஏற்ற வேண்டாம். கட்டளை வரியில் இயக்கும் ஸ்பார்க் கட்டளைகள் கன்ட்ரோலர் வழியாக வருவதில்லை. ஆட்டோலோட் பட்டியலில் இல்லாத ஹெல்பரை, இரவில் அறிக்கை அனுப்பும் கட்டளைக்குள் தனியாக ஏற்றாவிட்டால், வரையறுக்கப்படாத ஃபங்ஷன் என்ற பிழையோடு அது நின்றுவிடும்.

ஒவ்வொரு ஃபங்ஷனையும், அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று உள்ளதா என்று பார்க்கும் ஃபங்ஷன்_எக்ஸிஸ்ட்ஸ் சோதனைக்குள் எழுதுங்கள். ஒரே பெயரில் பல ஹெல்பர் கோப்புகள் இருந்தால், நம் ஆப் கோப்புறையில் உள்ளது முதலில் ஏறும்; ஃபிரேம்வொர்க்கின் கோப்பிலும் அதே சோதனை இருப்பதால், நம் ஃபங்ஷனே நிலைக்கும். ஃபிரேம்வொர்க்கின் ஃபங்ஷன் ஒன்றை மாற்றியமைக்க இதுவே முறையான வழி.

தரவுத்தளத்தைத் தொடுவது, அமைப்புகளை நினைவில் வைத்துக்கொள்வது போன்ற வேலைகளை ஹெல்பரில் எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவற்றைக் கிளாஸாக எழுதி லைப்ரரீஸ் கோப்புறையில் வைத்தால், முதன்முதலில் பயன்படுத்தப்படும்போதுதான் அந்தக் கோப்பு ஏற்றப்படும்.