ஒரே புள்ளி, ஆளுக்கொரு ‘து’

ஆர்க்கெஸ்ட்ரா என்றதும் நம் பக்கத்தில் கல்யாண வீட்டு மெல்லிசைக் கச்சேரிதான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்வது அது இல்லை. வயலின், அதைவிடக் கொஞ்சம் பெரிய வியோலா, கிளாரினெட், டிரம்பெட் என்று இருபது பேர் நோட்டேஷனைப் பார்த்து வாசிக்கிற கூட்டம். பெரம்பூரில் ஒரு மாடி ஹாலில் ஞாயிறு சாயங்காலம் கூடுகிறோம். நான் ராயபுரம், பேண்ட் செட்டில் டிரம்பெட் ஊதி வளர்ந்தவன். புதிதாக வருகிற பையன்களுக்கு முதலில் சொல்லித்தருவது, ஒரு சுரத்தை எப்படித் தொடங்குவது என்பதைத்தான்.

சுரத்தின் தலையில் புள்ளி இருந்தால் ஸ்டக்காட்டோ. அடுத்ததோடு ஒட்டாமல் வெட்டி வாசிக்கணும், அவ்வளவுதான். எவ்வளவு அழுத்தம் என்று புள்ளி சொல்லாது. அதனால் அதே புள்ளிக்கு வயலின்காரர் வில்லைத் துள்ளவிடுவார், கிளாரினெட்காரர் ஊதுவாயில் இருக்கிற ரீடில், அதாவது நாணல் தகட்டில், நாக்கை வைத்து அடைப்பார், நான் தெருவில் ஊதின பழக்கத்தில் கல்லெறிவேன். சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

முதலில் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு வாயால் சொல்லிப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர் ஆர்பான் 1864இல் கொண்டுவந்த கார்னெட் (டிரம்பெட் மாதிரி ஒரு பித்தளை வாத்தியம்) பாடமுறையில் ‘து’தான் அடிப்படை, வேகமாக ஓட ‘துகு’. நாகஸ்வரக்காரர்கள் துத்துக்காரம் என்பதும் நாக்கு செய்கிற இந்த வேலையைத்தான். நம் வாய்க்கு இதில் ஒரு வசதி உண்டு. ‘பத்து’ என்று சொல்லும்போது வரும் து வேறு, ‘அது’ என்னும்போது வரும் து வேறு. பளிச்சென்று தொடங்க ‘பத்து’, ஒட்டிக்கொண்டு போக ‘அது’. ‘டு’ மட்டும் வேண்டாம். நாக்கு மேலே மடிந்து திரும்பி வருவதற்குள் தாளம் போய்விடும்.

அப்புறம், நாக்கு அடிக்கிறது என்று நினைக்காதீர்கள். தெருக்குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்திருக்கிறீர்களா? உள்ளே தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும், விரலை எடுத்ததும் பாயும். விரல் தண்ணீரைத் தள்ளுவதில்லை. காற்றுதான் தண்ணீர், நாக்குதான் விரல். ரீடானாலும் பித்தளையானாலும் நாக்கு விலகுகிற நொடியில்தான் சத்தம் பிறக்கிறது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து ஒரே மூச்சில் நாலு ‘அது’ சொல்லுங்கள். கையில் காற்று அறுந்து அறுந்து விழுந்தால் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

சேர்ந்து பழகும்போது தாளம் தட்டுகிற மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 72 தட்டில் வையுங்கள். எல்லாருக்கும் ஒரே சுரம், நாலு தடவை புள்ளியோடு, நாலு தடவை புள்ளியில்லாமல். கடைசி நாற்காலியில் ஒரு போனை வைத்துப் பதிவு செய்து கேளுங்கள், நம் காதுக்குப் பக்கத்தில் நாம் எல்லாரும் யோக்கியர்கள். மெட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் வெட்டுகிற அளவுக்கு மற்றவர்கள் வெட்டணும். வயலின் வரிசை, வில்லை முதலிலேயே தந்தியில் உட்கார வைப்பதா மேலிருந்து இறக்குவதா என்று பேசி முடிவு செய்துகொள்ளட்டும். வயலின் குடும்பத்தில் பெரியவரான டபுள் பேஸின் தடித்த தந்தி பேச நேரம் எடுக்கும், அவர் வில்லை ஒரு மயிரிழை முன்னாலேயே இழுக்க வேண்டும். தவறினால், “வண்டி பேசின் பிரிட்ஜ்ல நிக்குதுப்பா” என்று பின்னாலிருந்து குரல் வரும். சென்ட்ரலுக்கு ரயிலில் வந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

கலாய்ப்பதற்கும் முறை இருக்கிறது. மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராக்களில் வியோலாக்காரர்களை ஓட்டுவதற்கென்றே ஒரு ஜோக் குவியல் உண்டு, எங்களிடமும் அது வந்து சேர்ந்துவிட்டது. வாத்தியத்தைக் கலாயுங்கள், ஆளின் கையைக் கலாய்க்காதீர்கள். ஒத்திகையில் சொல்லலாம், மேடையில் தப்பு நடந்த அன்றைக்கு மூச்சு விடக்கூடாது. புது ஆள் தானே ஒரு ஜோக் எடுத்துவிடும்வரை அவனை விட்டுவிடணும்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில், சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத வியோலாப் பையன் ஒரு தாளம் முன்னாலேயே நுழைந்துவிட்டான். டீ குடிக்கும்போது எல்லார் முன்னாலும், “தம்பிக்கு மட்டும் இருபத்து மூணாந்தேதியே ஏசு பிறந்துட்டாரு” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அடுத்த இரண்டு ஞாயிறு ஆளே வரவில்லை. வியாசர்பாடியில் அவன் வீட்டுக்குப் போய் அவன் அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, விஷயத்தைச் சொல்லாமலேயே திரும்பி வந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

மூன்றாவது ஞாயிறு வந்தான். அன்றைக்கு மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் நான் ‘பத்து’ போட்டுக் கல்லெறிந்துவிட்டேன். அவன் தலை நிமிரவில்லை. வில்லுக்கு ரோசின் பிசின் தேய்த்துக்கொண்டே, “பொணம் எடுத்து ரொம்ப நேரமாச்சுண்ணா, மெதுவா ஊதுங்க” என்றான்.

ஹாலே அதிர்ந்தது. மறுபடி அதே இடத்திலிருந்து எடுத்தோம். ‘அது’ போட்டேன்.