சர்வர் மாற்றியபின் மெயில் நின்றுவிட்டதா?

"மெயில் வேலை செய்யவில்லை" என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது, "போகவில்லையா, வரவில்லையா?" என்றுதான். இரண்டுக்கும் காரணம் வேறு, பார்க்கவேண்டிய இடமும் வேறு. இதைப் பிரிக்காமல் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து கண்டதையும் மாற்றினால் ஒரு பழுது மூன்றாகிவிடும். நானும் அப்படி மாற்றியவன்தான்.

வரவில்லை என்றால் டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயர்களுக்கான முகவரிப் புத்தகம்) ஆரம்பியுங்கள். மெயிலை எந்த சர்வருக்கு அனுப்பவேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டில் என்ன பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்கு எந்த ஐபி (சர்வரின் எண் முகவரி) வருகிறது என்று, டிஎன்எஸ்ஸைக் கேட்டுச் சொல்லும் டிக் கட்டளையில் பாருங்கள். பலர் எம்எக்ஸில் வெறும் டொமைன் பெயரையே கொடுத்திருப்பார்கள். வெப்சைட்டை மட்டும் புது இடத்துக்கு மாற்றியதும், மெயிலும் பின்னாலேயே போய் அங்கே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். மெயிலுக்கென்று தனிப் பெயர், அதை ஐபியோடு இணைக்கத் தனி ஏ ரெக்கார்டு வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. டிடிஎல், அதாவது டிஎன்எஸ் பதிலை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம், 86400 விநாடி என்று இருந்தால் ஒரு நாள் வரைக்கும் சிலர் பழைய ஐபிக்கே அனுப்புவார்கள். முந்தைய நாளே அதை 300 ஆக்கியிருக்கலாம். சரி, இப்போது காத்திருக்கத்தான் வேண்டும். பழைய சர்வரை அணைத்துவிடாதீர்கள்.

மெயில் வந்ததாக லாக் சொல்கிறது, பெட்டியில் மட்டும் காணோம் என்றால் ஃபைல்களின் உரிமையாளரைப் பாருங்கள். பழைய சர்வரில் மெயில் பயனரின் எண் 5000, புதியதில் 1001 என்று இருக்கலாம். எண்ணை அப்படியே வைத்துக் காப்பி செய்திருந்தால் மெயில் பெட்டிகளைக் கையாளும் மென்பொருளான டவ்காட்டால் அந்தப் பெட்டிகளைத் திறக்க முடியாது.

போகவில்லை என்பதுதான் ஆளை அலைக்கழிக்கும். தேங்கி நிற்கும் மெயில்களைக் காட்டும் மெயில்க்யூ கட்டளையைக் கொடுங்கள். வரிசையாக எல்லாமே 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்' என்றால், மெயிலை அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸில் கை வைக்க வேண்டாம். ஒருமுறை நான் விடியும்வரை அதன் வரிகளையே பிராண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் வாசலான 25ஆம் போர்ட்டை வெளியே போகவிடாமல் ஹோஸ்டிங் நிறுவனமே மூடி வைத்திருந்தது. ஸ்பேமுக்குப் பயந்து கிளவுட்காரர்கள் பலர் இதைச் செய்கிறார்கள். சர்வரிலிருந்து ஜிமெயிலின் எம்எக்ஸுக்கு 25இல் டெல்நெட் அடித்துப் பாருங்கள். பதிலே இல்லாமல் தொங்கினால், அநேகமாக அதுதான். டிக்கெட் போட்டுத் திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 587ஆம் போர்ட் வழியாக, உங்கள் மெயிலை வாங்கி அனுப்பித்தரும் ஒரு ரிலே சேவையைப் பிடியுங்கள்.

போர்ட் திறந்திருந்தும் எதிர்ப்பக்கம் 550 (ஏற்க மறுப்பு) என்று திருப்பி அனுப்பினால், அந்த வரியை முழுதாகப் படியுங்கள். காரணம் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஜிமெயில் 5.7.25 என்றால் உங்கள் ஐபிக்கு பிடிஆர் ரெக்கார்டு (ஐபியிலிருந்து பெயரைச் சொல்வது) இல்லை, அல்லது அது பொருந்தவில்லை. அதை உங்கள் டொமைனின் டிஎன்எஸ்ஸில் தேடாதீர்கள். ஐபி யாருடையதோ அவர்களுடைய பேனலில்தான் வைக்க முடியும். அந்தப் பெயரிலிருந்து திரும்ப அதே ஐபி வரவும் வேண்டும். இதில் ஒரு சூட்சுமம்: புது சர்வரில் ஐபிவி6 முகவரியும் சேர்ந்து வந்திருக்கும். பிடிஆரை ஐபிவி4க்கு மட்டும் வைத்துவிட்டு, போஸ்ட்ஃபிக்ஸ் ஐபிவி6 வழியாகப் போய் உதை வாங்குவதைப் பார்த்து முழிப்போம். அவசரத்துக்கு போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4 மட்டும் என்று வைத்துவிடலாம்.

உங்கள் டொமைன் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் டிஎன்எஸ் வரியான எஸ்பிஎஃப்பில் பழைய ஐபியை எடுத்துப் புதியதைப் போடுங்கள். இரண்டாவதாக இன்னொரு எஸ்பிஎஃப் வரி சேர்த்தால் இரண்டுமே செல்லாது. மெயிலில் கையொப்பம் இடும் டிகேஐஎம் சாவியையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். அப்புறம், அந்த ஐபியை முன்பு வைத்திருந்தவர் ஸ்பேம் அனுப்பியவராக இருந்தால் பழி உங்கள் தலையில் விழும். ஸ்பேம் ஐபிகளின் தடைப்பட்டியல் வைத்திருக்கும் ஸ்பேம்ஹவுஸில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

தேங்கிய மெயில்களுக்காகப் பதற வேண்டாம். தற்காலிகப் பிழையென்றால் போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வரை முயலும். சரிசெய்ததும் வரிசையைத் தள்ளிவிட்டால் போதும்.

எல்லாம் ஓடியபிறகும் யாரோ ஒருவரின் மெயில் மட்டும் வரவில்லையென்றால், அவரும் உங்கள் பழைய ஹோஸ்டிங்கில்தான் இருக்கிறாரா என்று கேளுங்கள். அந்த சர்வர் உங்கள் டொமைனை இன்னும் தன்னுடையதாக நினைத்து, எம்எக்ஸைப் பார்க்காமலே உள்ளுக்குள் போட்டுக்கொண்டிருக்கும். பழைய ஹோஸ்டிங்கின் பேனலில் அதை 'ரிமோட்' (மெயில் வேறு சர்வரில் இருக்கிறது) என்று மாற்றுங்கள், அல்லது டொமைனையே அங்கிருந்து நீக்குங்கள். நீக்குவதற்கு முன், ஒரு சர்வரின் மெயில் பெட்டியை இன்னொன்றுக்குக் காப்பி செய்யும் ஐமேப்சிங்க்கை இன்னொரு முறை ஓட்டி, அங்கே தங்கிப்போனதை அள்ளிக்கொள்ளுங்கள்.