மழை நாளில் ஹாம்பர்க் சந்தைக்குப் போவது எப்படி

மழை விட்டதும் சந்தைக்குப் போகலாம் என்று காத்திருப்பவர், வடஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏப்ரல் மாதம் முழுவதும் காத்திருக்க நேரும். சென்னையில் ஓராண்டில் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதிதான் இங்கே பெய்கிறது. ஆனால் நம்மூர் மழையைப் போல ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்துவிட்டு இந்த மழை ஓய்வதில்லை. காலையில் வெயில், பத்து மணிக்குத் தூறல், அரைமணி கழித்து மிளகளவு ஆலங்கட்டி, மறுபடியும் வெயில் என்று நாள் போகும். ஏப்ரல் தன் இஷ்டப்படிதான் நடக்கும் என்று ஜெர்மானியர்கள் பழமொழியே வைத்திருக்கிறார்கள். இவ்வூர்க்காரர்கள் இத்தகைய வானிலையை 'ஷீட்வெட்டர்' என்பார்கள். நாகரிகமான சொல் அன்று, ஆனாலும் பாதி செல்லமாகத்தான் சொல்கிறார்கள்.

குடையை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். இங்குள்ள காற்று குடையை இரண்டாம் நிமிடத்தில் மடக்கித் திருப்பிவிடும். அது தாக்குப்பிடித்தாலும், சந்தையின் நெருக்கமான நடைபாதையில் குடைக்கம்பி யார் கண்ணிலாவது குத்தும், காய் வாங்கிப் பணம் கொடுக்கக் கையும் போதாது. தலையை மூடும் தொப்பி தைத்த மழைக்கோட்டும், ஈரக் கல்தரையில் வழுக்காத காலணியும் போதும். உள்ளே ஒரு கனத்த கம்பளிச் சட்டைக்குப் பதிலாக மெல்லியவை இரண்டை அணிந்தால், வெயில் வரும்போது ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம். காகிதப் பைகள் நனைந்தால் கிழிந்துவிடும் என்பதால், முதுகுப்பையோ கூடையோ அவசியம்.

மழை நாளுக்கென்றே அமைந்தது போன்ற சந்தை ஈசெமார்க்ட். ஹோஹெலுஃப்ட்புரூக்கெ, எப்பன்டோர்ஃபர் பௌம் ஆகிய இரண்டு நிலையங்களுக்கு இடையே, யூ3 எனும் மெட்ரோ ரயில் ஓடும் உயர்பாலத்தின் அடியில், செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாள்களும் காலையிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை கடைகள் நீண்ட வரிசையாக விரிகின்றன. 1912இல் திறக்கப்பட்ட மெட்ரோவின் பாலமே இங்கே கூரை. தலைக்கு மேல் ரயில் தடதடக்க, பெரும்பாலும் நனையாமலே நடக்கலாம். மழை நாளில் கூட்டம் குறைவு, கடைக்காரருக்கும் பேசப் பொழுது இருக்கும் என்பதால், நான் மழை பெய்யும் செவ்வாய்க்கிழமையையே விரும்பித் தேர்கிறேன். வெள்ளிக்கிழமை விடுமுறை நாளானால், உதாரணமாகப் புனித வெள்ளியன்று, சந்தை முந்தைய நாளுக்கு மாறக்கூடும்; முந்தைய வாரமே கேட்டு வையுங்கள். 1703 முதல் ஞாயிறுதோறும் அதிகாலையில் எல்பெ ஆற்றங்கரையில் கூடும் மீன்சந்தை பெயர் பெற்றதுதான். ஆனால் அது திறந்த வெளி. மழையில்லாத நாளில் வேடிக்கை பார்க்கப் போவதே நல்லது.

எந்த வேளையானாலும் 'மோயின்' என்று வணக்கம் சொல்லித் தொடங்குங்கள். காயைக் கையால் எடுத்து அழுத்திப் பார்க்கும் நம் பழக்கம் இங்கே முகச்சுளிப்பை வரவழைக்கும். வேண்டியதைக் காட்டினால் கடைக்காரரே எடுத்துத் தருவார். வரிசை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தமக்கு முன்னால் வந்தவர் யார் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். நீங்களும் வந்தவுடன் அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். 'ப்ஃபுண்ட்' என்று கேட்டால் அரைக் கிலோ. எல்லாக் கடைகளிலும் அட்டை செல்லாது என்பதால் சில்லறை வைத்திருங்கள்.

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் 24ஆம் தேதியான யோவான் திருநாள் வரை இச்சந்தையின் அரசன் 'ஷ்பார்கல்' எனும் வெள்ளை அஸ்பாரகஸ். நம் தண்ணீர்விட்டான் கொடியின் உறவுக்காரச் செடியான இதை மேடாகக் குவித்த மண்ணுக்குள் வெளிச்சமே படாமல் வளர்ப்பதால்தான் அந்த வெண்மை. வெட்டிய அடிமுனை ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். புதிய தண்டுகள் ஒன்றோடொன்று உரசினால் கீச்சென்று ஒலிக்கும். முழு உணவாக உண்ண ஒருவருக்கு அரைக் கிலோ வேண்டும். முதல் ஆண்டு நான் தோலைச் சீவாமல் வேகவைத்து, தேங்காய் நாரைச் சவைப்பது போலச் சவைத்துவிட்டு, இதற்கா இத்தனை ஆரவாரம் என்று எண்ணினேன். தலைப்பகுதியை விட்டுவிட்டு அதன் கீழிருந்து அடிவரை தோலைச் சீவி, அடியில் ஓரிரு சென்டிமீட்டர் நறுக்கி எறிய வேண்டும். தோலை எறியாதீர்கள், அதை வேகவைத்த நீர் நல்ல சூப்பாகும். ஒடிந்த தண்டுகள் மலிவாகக் கிடைக்கும். பாசிப்பருப்புக் கூட்டுக்கு அவை போதும். முழுத்தண்டை மட்டும் தாளிக்காமல் வெண்ணெயோடும் உருளைக்கிழங்கோடும் உண்ணுங்கள், கடுகும் மிளகாயும் அதன் மென்சுவையை விழுங்கிவிடும். சமைக்கும்வரை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைக்கலாம்.

பூண்டு மணக்கும் 'பேர்லௌக்' கீரையைச் சந்தையில் வாங்குங்கள். காட்டில் பறிக்க வேண்டாம். 'பள்ளத்தாக்கு லில்லி' எனும் நஞ்சுச் செடியின் இலையும் அதே சாயலில் இருக்கும், ஓர் இலையைக் கசக்கிய விரலில் தங்கிவிடும் பூண்டு மணம் அடுத்த இலையிலும் மணப்பதாக ஏமாற்றும். சிவந்த ருபார்ப் தண்டில் புளிப்பு மிகுதி. மாங்காய் கிடைக்காத இவ்வூரில் பருப்பில் போட அதுவே எனக்கு மாங்காய். அதன் இலையை மட்டும் உண்ணவே கூடாது.

ஏப்ரலிலேயே மிளகாய், தக்காளி நாற்றுகள் கடைகளில் ஆசை காட்டும். வாங்கினால் தவறில்லை, ஆனால் மே 11 முதல் 15 வரை வரும் 'பனிப் புனிதர்' நாள்கள் கழியும்வரை அவற்றைப் பால்கனியில் வைக்காதீர்கள். ஒரே இரவு உறைபனியில் இலைகள் கருகிவிடும். அதுவரை ஜன்னலோரத்தில், மழைக்கோட்டைக் காயப்போடும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.