கார் ஜன்னல் கண்ணாடி உடைந்தால் காப்பீட்டுப் பணம் எப்போது வரும், எப்போது வராது

உடைந்த துண்டுகளைப் பெருக்கித் தள்ளுவதற்கு முன்னால் படம் எடுங்கள். பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் இதைச் செய்வதில்லை. சீட்டைத் தட்டி, கதவைத் துடைத்து, ஜன்னலில் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, காரைச் சுத்தமாகக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பத்தான் கையில் ஒன்றும் இருப்பதில்லை. கார் முழுவதும் தெரியும்படி ஒரு படம், நம்பர் பிளேட்டும் உடைந்த ஜன்னலும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம், உள்ளே சிதறிக் கிடக்கும் துண்டுகள், கல்லோ கிளையோ அங்கேயே கிடந்தால் அது, கதவின் பெயின்டில் கீறலோ நெளிவோ இருந்தால் மிக அருகில் ஒரு படம். சில நிமிட வேலைதான். அதற்குப் பிறகு கையுறை போட்டுக்கொண்டு பெருக்குங்கள்.

நான் கார் கண்ணாடி பொருத்தும் பட்டறையில் கிளைம் கோப்புகளைப் பார்க்கிறவன். கண்ணாடியைக் கழற்றி மாட்டுவது மற்றவர்களின் வேலை. வாடிக்கையாளரின் பாலிசியை வாங்கிப் படிப்பதும் நிறுவனத்தோடு பேசுவதும் என் வேலை. இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது இதுதான்: கண்ணாடி எப்படி உடைந்தது என்ற கேள்விக்கான பதிலில்தான் மற்ற எல்லாம் அடங்கியிருக்கிறது. ஒரே கார், ஒரே ஜன்னல், ஒரே பில். காரணம் வேறாக இருந்தால் ஒருவருக்குப் பணம் வருகிறது, இன்னொருவருக்கு வருவதில்லை.

கையில் இருப்பது எந்தப் பாலிசி?

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் உங்கள் கண்ணாடிக்கு உங்கள் நிறுவனம் எதுவும் தராது. அது நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்பீடு. சட்டம் கட்டாயப்படுத்துவது பெரும்பாலும் இதை மட்டுமே என்பதால், “காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது” என்ற நம்பிக்கையோடு வந்து ஏமாந்து திரும்புகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்கும் ஒரு வழி உண்டு. உடைத்தவர் யாரென்று தெரிந்து, அது வாகன விபத்தாகவும் இருந்தால், அவருடைய காப்பீட்டிலிருந்து இழப்பீடு கேட்கலாம். அப்படிக் கேட்பதால் உங்கள் போனஸ், அதாவது கிளைம் செய்யாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, பொதுவாகப் பாதிக்கப்படாது.

சில நாடுகளில் மூன்றாம் நபர் காப்பீட்டோடு தீ, திருட்டு இரண்டையும் சேர்த்துத் தருவார்கள். அந்தப் பாலிசியில் கல் பட்டு உடைந்த ஜன்னலுக்குப் பணம் கிடையாது. திருட வந்தவன் உடைத்த ஜன்னலுக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு. இங்கேயும் காரணம்தான் பேசுகிறது.

முழுமையான காப்பீடு இருந்தால் கல், ஆலங்கட்டி, முறிந்து விழும் கிளை, திருட்டு முயற்சி, விஷமிகளின் வேலை, மோதல் ஆகிய எல்லாம் பொதுவாக அடங்கும். அமெரிக்காவில் மோதலுக்கு ஒரு பிரிவு, மற்றவற்றுக்கு ஒரு பிரிவு என்று தனித்தனியாக வாங்குகிறார்கள். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாமலும் இருக்கலாம். வாடகைக்கு எடுத்த கார் என்றால் கண்ணாடியும் டயரும் விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று சாவி வாங்கும்போதே பாருங்கள். பல ஒப்பந்தங்களில் அவை விலக்குப் பட்டியலில் இருக்கும்.

ஜன்னல் வேறு, முன்கண்ணாடி வேறு

காப்பீட்டில் கண்ணாடி பற்றிக் காதில் விழும் நல்ல செய்திகள் பெரும்பாலும் முன்கண்ணாடியைப் பற்றியவை. “கண்ணாடிக்குக் கழிவே இல்லை” (கழிவு என்பது செலவில் நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகை), “ரிப்பேர் இலவசம்” என்பதை ஜன்னலுக்கும் சேர்த்துப் புரிந்துகொள்கிறார்கள்.

முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. கல் பட்டால் வெளித்தகட்டில் ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளியில் பிசின் ஏற்றி அடைத்துவிடலாம். நிறுவனத்துக்கும் அது லாபம் என்பதால் சலுகை தருகிறார்கள். பக்கவாட்டு ஜன்னல் பெரும்பாலான கார்களில் உறுதியூட்டப்பட்ட ஒற்றைக் கண்ணாடி. 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றை வேகமாக அடித்துக் குளிர்விப்பார்கள். மேற்பரப்பு இறுகி அழுத்தத்திலும், உட்பகுதி இழுவிசையிலும் நின்றுவிடும். அதனால்தான் ஒரு மூலையில் அடி பட்டால் முழுக் கண்ணாடியும் கல்கண்டுத் துண்டுகளாக உதிர்கிறது. இதில் ரிப்பேர் என்ற பேச்சுக்கே இடமில்லை, மாற்றத்தான் வேண்டும். இப்போது வரும் சில கார்களில் முன்பக்க ஜன்னல்களும் ஒட்டுக் கண்ணாடியாக இருக்கின்றன, அவற்றின் விலையும் அதிகம். உங்கள் காரில் எது என்று அறிய, உடையாத எதிர்ப்பக்க ஜன்னலின் கீழ் மூலையில் பொறித்திருக்கும் முத்திரையைப் படியுங்கள்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா, கென்டக்கி, தென் கரோலினா மாநிலங்களில் முன்கண்ணாடிக்குக் கழிவுத் தொகை பிடிக்கக் கூடாது என்ற விதி உண்டு. ஃபுளோரிடா சட்டம் சொல்வது முன்கண்ணாடியை மட்டும்தான். கதவு ஜன்னல் அதில் வராது. பிரிட்டனில் கண்ணாடிக்கென்று தனிப் பிரிவும் தனிக் கழிவும் வைப்பார்கள், பல பாலிசிகளில் அதனால் போனஸ் குறையாது. இந்தியாவில் கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானம், அதாவது பொருள் பழசானதற்கான பிடித்தம், கிடையாது. ஆனால் அந்தக் கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் 50 சதவீதம் பிடிப்பார்கள். பில்லின் இரண்டு வரிகளுக்கு இரண்டு விதி. ஆகவே யாருடைய அனுபவத்தையும் அப்படியே உங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். உங்கள் பாலிசியில் “கண்ணாடி” என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடிப் படியுங்கள்.

தானாக உடைந்ததா?

ஒருமுறை ஓர் அம்மா வந்தார். நிறுத்தி வைத்திருந்த காரின் பின்கதவு ஜன்னல் உதிர்ந்து கிடந்திருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் தொலைபேசியில் கேட்டதற்கு “தானாக உடைந்துவிட்டது” என்று சொல்லியிருக்கிறார். அங்கேயே கிளைம் நின்றுவிட்டது. தானாக ஏற்படும் கோளாறு, தேய்வு, பழுது ஆகியவற்றைப் பாலிசிகள் விலக்கி வைப்பதே வழக்கம். கதவை நான் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். ஜன்னல் விளிம்புக்கு ஒரு விரல்கடை கீழே பெயின்ட் பெயர்ந்து, அரிசியளவு குழி, அதன் நடுவில் உலோகம் தெரிந்தது. கார் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் அன்று காலை புல்வெட்டும் இயந்திரம் ஓடியிருக்கிறது. இயந்திரம் தெறிக்கவிட்ட கற்களில் ஒன்று கதவிலும் இன்னொன்று கண்ணாடியிலும் பட்டிருக்கிறது. குழியைப் படமெடுத்து, நடந்ததை எழுதி அனுப்பினோம். கோப்பு மறுபடி திறக்கப்பட்டது.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. பார்க்காததை ஊகித்துச் சொன்னார். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். “காலையில் வந்தபோது உடைந்திருந்தது, எப்படி என்று பார்க்கவில்லை, கதவில் இந்த அடையாளம் இருக்கிறது” என்பது நேர்மையான, போதுமான பதில். காரணத்தை மாற்றிச் சொல்லி வாங்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு நான் உதவுவதில்லை. அது மோசடி. பாலிசியே ரத்தாகலாம்.

அடிக்கடி வரும் இன்னொரு தகராறு, கதவுக்குள் இறங்கிப்போன கண்ணாடி. ஜன்னலை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரின் கம்பி அறுந்து கண்ணாடி உள்ளே விழுந்து உடைந்தால் அது இயந்திரக் கோளாறு, பணம் வராது. திருடன் கண்ணாடியை அமுக்கி இறக்கியதால் அதே ரெகுலேட்டர் வளைந்திருந்தால் அது சேதம், பணம் வரும். கதவின் உள்தட்டியைக் கழற்றியதும் எங்கள் ஆட்கள் எதையும் தொடாமல் முதலில் படம் எடுப்பது இதற்காகத்தான். உங்கள் பட்டறையிலும் அப்படிக் கேளுங்கள்.

திருட்டு என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் எண்ணை வாங்குங்கள். காருக்குள் இருந்த பை, மடிக்கணினி போன்றவற்றைக் கார் பாலிசியில் கேட்காதீர்கள். வீட்டுப் பொருட்களுக்கு எடுத்த காப்பீடு இருந்தால் அதில் பாருங்கள்.

கிளைமா, கைக்காசா?

இங்குதான் நிதானம் வேண்டும். ஒவ்வொரு சம்பவத்திலும் முதல் தொகையை நீங்களே ஏற்க வேண்டும். பாலிசித் தாளில் அது டிடக்டிபிள் என்றோ எக்ஸஸ் என்றோ இருக்கும், நாங்கள் கழிவு என்போம். கட்டாயக் கழிவு ஒன்று உண்டு. பிரீமியம் குறைவதற்காக நீங்களே விரும்பி ஏற்ற கழிவு இன்னொன்று இருக்கலாம். பாலிசி வாங்கிய அன்று கையெழுத்துப் போட்டு மறந்த இரண்டாவது கழிவு, ஜன்னல் பில்லை முழுதாக விழுங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

செலவு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிவு 60 என்றால் நிறுவனம் தருவது 40. கிளைம் செய்யாதவர்களுக்கான போனஸ் இதனால் போய், அடுத்த ஆண்டு பிரீமியம் 70 கூடுகிறது என்றால், அந்த 40-ஐ வாங்குவது உங்களுக்கு 30 நஷ்டம். இந்தியாவில் இந்தப் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஆண்டுக்கு ஒரு படியாக ஏறுகிறது. ஒரே கிளைமில் அடுத்த புதுப்பித்தலின்போது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டுமே அது கழிக்கப்படுகிறது என்பதால், கணக்கையும் அந்தத் தொகையை வைத்தே போடுங்கள். பழைய படிக்கு ஏறிவர ஆகும் ஆண்டுகளையும் சேர்த்தே பாருங்கள். போனஸ் பாதுகாப்போ கண்ணாடிக்கான கூடுதல் பாதுகாப்போ வாங்கியிருந்தால் கணக்கு உங்கள் பக்கம் திரும்பும். ஆண்டுக்கு எத்தனை முறை என்ற வரம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே சம்பவத்தில் இரண்டு ஜன்னல் உடைந்து கதவும் நெளிந்திருந்தால் ஒரே கிளைம், ஒரே கழிவு. அப்போது கேட்பதே நல்லது. ஒற்றைச் சிறு ஜன்னலுக்கு, ஏறிய போனஸ் உள்ளவரிடம், “கைக்காசு போடுங்கள் ஐயா” என்றுதான் நான் பெரும்பாலும் சொல்கிறேன்.

நிறுவனத்தை அழைத்ததும் “விவரம் மட்டும் கேட்கிறேன், கிளைம் பதிவு செய்ய வேண்டாம்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கழிவு எவ்வளவு, போனஸ் என்னாகும், ஒப்பந்தப் பட்டறை எது, அசல் கண்ணாடிக்குத் தருவார்களா அதற்கு இணையானதற்கு மட்டும் தருவார்களா, எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று கேளுங்கள். பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கிளைம் செய்யாவிட்டாலும் சம்பவத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று சில பாலிசிகளில் நிபந்தனை இருக்கும், அதையும் பாருங்கள்.

ஒப்புதல் வருவதற்குள்

கிளைம் செய்வதாக முடிவெடுத்தால், சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்ப்பதற்கோ எழுத்தில் ஒப்புதல் வருவதற்கோ முன்னால் கண்ணாடியை மாற்றிவிடாதீர்கள். மாற்றிய பிறகு கேட்டால் மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். அதற்காகத் திறந்த ஜன்னலோடு விட்டுவிடவும் கூடாது. மேற்கொண்டு சேதம் வராமல் காப்பது உங்கள் பொறுப்பு என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். மழையில் சீட்டும் சுவிட்சும் நனைந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம். கெட்டியான பிளாஸ்டிக் தாளை வெளிப்பக்கமாக, மேல் விளிம்பில் தண்ணீர் இறங்காதபடி ஒட்டுங்கள். டேப்பைப் பெயின்டில் ஒட்டிப் பல நாள் வெயிலில் விடாதீர்கள்.

மதிப்பீட்டுத் தாளில் கண்ணாடி, கண்ணாடி ஏறி இறங்கும் தடத்து ரப்பர், கிளிப்புகள், கதவுக்குள் துண்டுகளை உறிஞ்சி எடுக்கும் கூலி, பொருத்தும் கூலி, வரி ஆகியவை தனித்தனி வரியாக இருக்க வேண்டும். மொத்தமாக ஒரே தொகை எழுதித் தந்தால் வாங்காதீர்கள்; எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று பின்னால் கேட்க முடியாது. ஜன்னலில் ஒட்டியிருந்த சன் ஃபிலிம் பாலிசியில் குறிப்பிடப்படாவிட்டால் பெரும்பாலும் அதற்குப் பணம் வராது. பின்கண்ணாடி என்றால் பனி நீக்கும் கம்பிக்கோடுகளும் சில கார்களில் ஆன்டெனாவும் அதிலேயே இருக்கும். அவை உள்ள கண்ணாடிக்குத்தான் மதிப்பீடு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

நிறுவனமே பட்டறைக்கு நேராகப் பணம் கட்டும் பணமில்லா முறையில் வேலை நடந்தால், முடிந்ததும் திருப்திச் சான்றில் கையெழுத்துக் கேட்பார்கள். அவசரப்பட வேண்டாம். ஜன்னலை முழுதாக ஏற்றி இறக்குங்கள். நடுவில் தயங்குகிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்று கவனியுங்கள். கதவை ஓங்கிச் சாத்துங்கள். உள்ளே சலசலவென்று சத்தம் கேட்டால் அடியில் துண்டுகள் தங்கியிருக்கின்றன. கதவின் அடிவிளிம்பில் உள்ள நீர்த்துளைகளை அவை அடைத்தால் மழைநீர் உள்ளே தேங்கித் துருப்பிடிக்கும். உள்தட்டியைத் திறந்து மறுபடி உறிஞ்சச் சொல்லுங்கள். குழாயால் கண்ணாடி மேல் தண்ணீர் விட்டு உள்பக்கம் ஈரம் வருகிறதா என்று பாருங்கள். புதிய கண்ணாடியின் மூலை முத்திரையும் பில்லில் உள்ள விவரமும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். கையெழுத்தை அதற்குப் பிறகு போடுங்கள், பில்லின் ஒரு நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.