அறுப்பு முடிந்து கொடைக்கானலா? காட்டுத்தீக் காலத்தில் போய்வரும் முறை

சம்பா, தாளடி அறுப்பு முடிந்த கையோடு, பிப்ரவரியிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து வண்டிகள் கொடைக்கானலுக்குக் கிளம்பும். பழனி மலையில் புல் காய்ந்து கிடப்பதும் அப்போதுதான். முதன்முறை போகிறவர்கள் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. கிளம்பும் முன்

இணையத்தில் இ-பாஸ் (நுழைவு அனுமதி) எடுங்கள், 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டாயம். பேரிஜம் ஏரி காப்புக்காட்டுக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதி தனி. தீப்பிடித்தால் அதை நிறுத்திவிடுவார்கள், ஆகவே பேரிஜத்தை மட்டும் நம்பிப் பயணம் போடாதீர்கள்.

செயற்கைக்கோள் கண்ட தீயைக் காட்டும் நாசாவின் ஃபர்ம்ஸ் இணைய வரைபடத்தில் தீப்புள்ளிகளைப் பார்க்கலாம். செயற்கைக்கோளில் உள்ள விர்ஸ் கருவியின் ஒரு புள்ளி 375 மீட்டர் சதுரம். அதற்குள் எங்கோ தீ என்றுதான் பொருள். செயற்கைக்கோள் கடக்கும் நேரங்களுக்கு இடையில் பற்றி அணைந்த புல்தீ அதில் விழாது. புள்ளி இல்லை என்பதால் தீ இல்லை என்று எண்ண வேண்டாம்.

2. வழி

திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகத் தஞ்சையிலிருந்து சுமார் 250 கி.மீ. வத்தலக்குண்டில் டேங்கை நிரப்பிவிடுங்கள். பழனியிலிருந்து வரும் சாலை பெருமாள்மலையில் இதோடு சேரும். ஒன்றில் தீ என்றால் மற்றதில் இறங்கலாம். மலையில் சிக்னல் போகும், வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வையுங்கள்.

3. பையில்

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் கேனில். என்95 முகக்கவசம் வேண்டும். ஈரத்துண்டு சாம்பலைப் பிடிக்குமே தவிர நுண்புகையைப் பிடிக்காது. உடை பருத்தியாக இருக்கட்டும், நைலான் உருகித் தோலில் ஒட்டும். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போங்கள். வழியில் அடுப்பு மூட்டவே வேண்டாம்; காப்புக்காட்டில் அது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம்.

4. சாலையில் புகை

கண்ணாடியை ஏற்றி, ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வையுங்கள். லோ பீம் போடுங்கள். ஹை பீம் புகையில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். கொண்டை ஊசி வளைவில் நிற்காதீர்கள். தீ தெரிந்தால் திரும்பிவிடுங்கள். திரும்ப வழியே இல்லையென்றால் செடி கொடி இல்லாத இடத்தில் நிறுத்தி, காற்றுத் திறப்புகளை மூடி, ஜன்னல் மட்டத்துக்குக் கீழே கம்பளியால் போர்த்திப் படுங்கள். இறங்கி ஓடுவதைவிட வண்டிக்குள் அனல் குறைவு.

5. சரிவில் தீ

டெல்டாக்காரர்கள் ஏமாறும் இடம் இதுதான். வயலில் தாள் எரியும்போது காற்றின் திசை பார்த்து வரப்பேறினால் போதும். மலையில் தீ மேலே ஏறும். சுவாலை மேட்டுப் புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுவதால், சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். மனிதர்களுக்கு அதே ஏற்றத்தில் மூச்சு வாங்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போய்த் தீயில் சிக்கியவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

எனவே மேலே ஓடாதீர்கள். தீயின் பக்கவாட்டில் விலகிக் கீழே இறங்குங்கள். ஓடைப் பள்ளத்துக்குள் புகாதீர்கள், அது புகைபோக்கிபோல் அனலை இழுக்கும். வெறும் பாறை, தார்ச்சாலை, ஏரிக்கரை, ஏற்கெனவே எரிந்து ஆறிய தரை ஆகியவை பாதுகாப்பானவை. காய்ந்த புல் இடுப்பளவு நிற்கும் சரிவில் நடக்கவே போகாமல் இருப்பது இவை எல்லாவற்றையும்விட நல்லது.

புகையை முதலில் பார்ப்பவர் நீங்களாக இருந்தால் 101 அல்லது 112-க்குப் பேசுங்கள். பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள ஊர்ப்பெயரையும் எண்ணையும் படித்துச் சொன்னால் இடம் தேடும் நேரம் மிச்சம்.